ஒரு லட்சம் வெள்ளி கட்டியாவது கார்! சிங்கப்பூர்க் குடும்பங்கள் ஏன் இன்னும் சாவியை விடவில்லை?

மாதத்தில் இரண்டு புதன்கிழமைகளில், பிற்பகல் 4 மணிக்கு, சிங்கப்பூரில் ஓர் ஏலம் முடிகிறது. அதில் விலை போவது கார் வைத்துக்கொள்வதற்கான அனுமதி. பத்தே ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும் அந்த அனுமதிக்கு வாகன உரிமைச் சான்றிதழ் என்று பெயர், ஊர்ப்பேச்சில் 'சிஓஇ'. 2023 அக்டோபரில் சிறிய கார்களுக்கான சான்றிதழ் 1,06,000 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்குப் போனது. நம் ரூபாயில் 60 லட்சத்துக்கு மேல். பெரிய கார்களுக்கு 1,50,001 வெள்ளி. காரின் விலையும், சுங்கத் தீர்வையும், கூடுதல் பதிவுக் கட்டணமும் இதற்கு மேல் தனி. அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்கள் சாதாரணமாக வாங்கும் டொயோட்டா கேம்ரியைச் சிங்கப்பூர்ச் சாலையில் இறக்க அந்த ஆண்டு ஏறக்குறைய இரண்டரை லட்சம் வெள்ளி ஆனது.

சரி, வாங்கியாயிற்று. ஓட்ட ஆரம்பித்தால் நெரிசல் நேரச் சாலைக் கட்டணம். நிறுத்தினால் நிறுத்தக் கட்டணம். பத்து ஆண்டு முடிந்ததும் வண்டியை விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் அன்றைய ஏல நிலவரப்படி மறுபடியும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். காரை வேண்டாம் என்று சொல்ல வைப்பதற்கு ஓர் அரசு இதைவிட என்ன செய்ய முடியும்?

இருந்தும், அங்கே மூன்று குடும்பங்களில் ஏறக்குறைய ஒரு குடும்பத்திடம் கார் இருக்கிறது. ஒருவர் விட்டால் அந்த இடத்துக்கு இன்னொருவர் காத்திருக்கிறார். இத்தனைக்கும் உலகின் மிகச் சிறந்த பொதுப் போக்குவரத்துகளில் ஒன்று அந்த ஊரில்தான் ஓடுகிறது.

'பணக்காரர்களின் பகட்டு' என்று இதை ஒரே வரியில் முடித்துவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், மக்களில் பத்தில் எட்டுப் பேர் வசிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிப் பேட்டைகளுக்குப் போய், இரவு பத்து மணிக்கு அங்குள்ள பல மாடி வாகன நிறுத்தங்களைப் பார்த்தால் அந்த ஒரு வரி போதாது என்பது புரியும். மாடி மாடியாக நிற்பவற்றில் சொகுசு வண்டிகள் சில. மற்றவை பின்சீட்டில் குழந்தை இருக்கை பொருத்தியவை, முன்கண்ணாடியில் வாடகைக் கார் வில்லை ஒட்டியவை, வயதான சிஓஇயைப் புதுப்பித்து இழுத்துக்கொண்டு ஓடுபவை. இவற்றை வைத்திருப்பவர்கள் ஏன் விடவில்லை என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினால், நெரிசலைக் கட்டுப்படுத்தக் கிளம்பியிருக்கும் எல்லா நகரங்களுக்கும் அதில் பாடம் இருக்கிறது.

ஐம்பது ஆண்டுக் கட்டுப்பாடு

முதலில், கட்டுப்பாட்டின் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். 730 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய தீவு. அதில் 60 லட்சம் பேர். நிலத்தில் 12 சதவிகிதம் சாலைகளுக்கே போய்விட்டது. வீடுகளுக்கு இருப்பது 14 சதவிகிதம். இன்னொரு சாலை போட வேண்டுமென்றால் யாருடைய வீட்டுக்கான இடத்தையோ, மரங்களையோ, மைதானத்தையோதான் எடுக்க வேண்டும்.

அதனால் 1975 ஜூன் 2ஆம் தேதியே சிங்கப்பூர் கார்களைக் கட்டுப்படுத்தும் வேலையைத் தொடங்கிவிட்டது. காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்துக்குள் நுழையும் கார் 3 வெள்ளி கொடுத்து ஒரு வில்லை வாங்கிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். நான்கு பேர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. எல்லையில் நின்ற ஊழியர்கள் வில்லையைக் கண்ணால் பார்த்தே சரிபார்த்தார்கள். காலையில் நுழைந்த கார்களின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்தது. 1987 நவம்பரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது. 1990 மே மாதம் சிஓஇ முறை வந்தது. 1998இல் வில்லைக்குப் பதிலாக மின்னியல் சாலைக் கட்டணம் வந்தது; சாலைக்குக் குறுக்கே நிற்கும் வளைவின் கீழ் வண்டி போனதும், காருக்குள் இருக்கும் சிறு கருவியில் செருகிய அட்டையிலிருந்து பணம் கழிந்துவிடும். லண்டன், ஸ்டாக்ஹோம், 2025 ஜனவரியில் நியூயார்க் என எல்லாம் இந்த வழியில் பின்னால் வந்தவை.

சிங்கப்பூரின் இந்தக் கட்டணம் நெரிசலைப் பார்த்து மாறும். விரைவுச்சாலைகளில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், மற்ற பெரிய சாலைகளில் 20 முதல் 30 கிலோமீட்டர் வேகம் இருக்க வேண்டும் என்பது இலக்கு. வேகம் அதற்குக் கீழே போனால் கட்டணம் ஏறும்; மேலே போனால் இறங்கும். கட்டணம் ஓட்டுநர்கள் மனத்தில் எவ்வளவு பதிந்திருக்கிறது என்பதை வளைவுகளுக்கு அருகிலேயே பார்க்கலாம். கட்டண நேரம் முடிய இன்னும் இரண்டு நிமிடம் இருந்தால் போதும், சில கார்கள் வேகத்தைக் குறைத்து ஊர்ந்து வரும். ஆபத்து என்று எச்சரித்தும் சிலர் ஓரத்தில் நிறுத்தியே விடுவார்கள். பலகையில் எண் மாறியதும் எல்லாம் ஒன்றாகக் கிளம்பும்.

2018 பிப்ரவரியிலிருந்து கார்களின் எண்ணிக்கையைக் கூட்டவே கூடாது என்று வளர்ச்சி விகிதத்தையும் பூஜ்ஜியமாக்கினார்கள். பழைய வண்டி ஒன்று கழிந்தால்தான் புதிதாக ஒன்றுக்கு இடம் என்றானது. இந்த உறுதிதான் சிங்கப்பூரைப் பாங்காக்காகவோ ஜகார்த்தாவாகவோ ஆகவிடாமல் காப்பாற்றியது. அதில் சந்தேகமே இல்லை.

கட்டியாச்சு, ஓட்டிவிடுவோம்

ஆனால், இதே உறுதி இன்னொன்றையும் செய்தது. 1,06,000 வெள்ளியைப் பத்து ஆண்டுகளுக்குப் பிரித்துப் பாருங்கள். நாளொன்றுக்கு 29 வெள்ளி. கார் கீழே சும்மா நின்றாலும் அந்த 29 வெள்ளி போய்க்கொண்டேதான் இருக்கும். வெளியே எடுத்தால் கூடுதலாக ஆவது பெட்ரோலும், வளைவைக் கடந்தால் சில வெள்ளிகளும்தான். வீட்டில் நிறுத்துவதற்கு, நகர மையத்துக்கு வெளியே உள்ள பேட்டைகளில், கூரையுள்ள இடத்துக்கு மாதம் 110 வெள்ளி. மொத்தச் செலவில் பெரும்பங்கு முதல் நாளே கட்டி முடித்தது. பஃபே விருந்துக்கு முன்கூட்டியே பணம் கட்டியவர் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்ளத் தயங்குவாரா?

விளைவு, சிங்கப்பூரில் கார்கள் குறைவு. ஆனால், ஒவ்வொரு காரும் ஓடும் தூரம் அதிகம். 2010களின் நடுவில் ஒரு கார் ஆண்டுக்குச் சராசரியாக ஓடியது சுமார் 17,500 கிலோமீட்டர். தீவின் கிழக்கு முனையிலிருந்து மேற்கு முனைக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான். அந்தக் கணக்கில் ஒவ்வொரு காரும் நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஆண்டில் 350 முறை போன மாதிரி.

காரை வாங்குவதைக் கடினமாக்கி, வாங்கியபின் ஓட்டுவதை மலிவாக விட்டுவைத்தால் இப்படித்தான் ஆகும். இரண்டு தெரு தள்ளியிருக்கும் உணவங்காடி நிலையத்துக்குக்கூடக் காரிலேயே போகத் தோன்றும். இதைக் காரைச் சார்ந்திருப்பது என்று சொல்ல முடியாது; இது பழக்கம். இதை மாற்றக் கட்டண முறையைத் திருத்தினாலே போதும். திருத்தத்தால் மட்டும் தீராத காரணங்கள் வேறு இருக்கின்றன. அவை குடும்பத்துக்குள் இருக்கின்றன.

பன்னிரண்டாம் மாடியிலிருந்து மருத்துவமனைக்கு

சிறுநீரகம் செயலிழந்த ஒரு மூதாட்டி வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். பன்னிரண்டாம் மாடி வீட்டிலிருந்து சக்கர நாற்காலியில் லிஃப்டுக்கு வர வேண்டும். இன்று பெரும்பாலான புளோக்குகளில் எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்கிறது. முன்பெல்லாம் சில மாடிகளில் மட்டும்தான் நிற்கும், பல ஆண்டுகளாகச் செலவழித்து மாற்றினார்கள். கீழ்த்தளத்திலிருந்து கூரை போட்ட நடைபாதை பேருந்து நிறுத்தம் வரை போகிறது. 2020 முடிவிலிருந்து எல்லாப் பொதுப் பேருந்துகளும் சக்கர நாற்காலி ஏறக்கூடியவை. ஓட்டுநரே இறங்கி வந்து சரிவுப் பலகையை விரித்துப் போடுவார். இதுவரை எந்தக் குறையும் இல்லை. உலகில் மிகச் சில நகரங்களே இவ்வளவு தூரம் யோசித்திருக்கின்றன.

ஆனால், பேருந்தில் சக்கர நாற்காலிக்கான இடம் குறைவு. இன்னொருவர் ஏற்கெனவே இருந்தால் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். ரயில் நிலையத்தில் லிஃப்ட் ஒரு மூலையில் இருக்கும்; வழி மாறும் நிலையங்களில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்கு நீண்ட நடை. போகும்போது இதெல்லாம் சமாளிக்கலாம். சிகிச்சை முடிந்து திரும்பும்போது தலை நிற்காது, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், உட்காரவே தெம்பிருக்காது. அந்த நேரம் பார்த்துப் பிற்பகல் இடிமழையும் பிடித்துக்கொண்டால், கைப்பேசிச் செயலியில் வாடகைக் கார்க் கட்டணம் எகிறும். மருத்துவமனைக்கு அழைத்துப்போக உதவிச் சேவைகள் உண்டு, முன்பதிவு செய்து காத்திருக்க வேண்டும். ஒரு மாதம் இப்படி அலைந்து பார்த்த மகன், சிஓஇ விலை என்னவாக இருந்தாலும் ஒரு பழைய காரையாவது பார்த்து வாங்கிவிடுகிறார். அவரிடம் போய் 'பொதுப் போக்குவரத்தில் போகக் கூடாதா?' என்று எந்த முகத்தோடு கேட்பது?

2030 வாக்கில் சிங்கப்பூர்க் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியவராக இருப்பார். இந்த மூதாட்டியின் பயணம் ஒரு வீட்டுக் கதையாக நிற்கப்போவதில்லை.

இன்னொரு முனையில் குழந்தைகள். தொடக்கப் பள்ளி காலை 7.30க்கே ஆரம்பித்துவிடும். அதற்குள் மூத்தவனைப் பள்ளியிலும் சின்னவளைப் பாலர் பள்ளியிலும் விட்டுவிட்டு, அப்பாவும் அம்மாவும் வெவ்வேறு திசையில் வேலைக்கு ஓட வேண்டும். பிள்ளை உட்கார்ந்திருக்கும் தள்ளுவண்டியை மடக்காமலே பேருந்தில் ஏற்றலாம் என்று அனுமதித்ததே 2017இல்தான். அதற்கு முன்பு ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் மடக்கிய வண்டி, தோளில் பை. இப்போதும் காலை நெரிசலில் தள்ளுவண்டியோடு ஏறும் தாய்க்குச் சக பயணிகளின் பார்வை தெரியும்.

பல வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது தாத்தா பாட்டி. அவர்கள் அங் மோ கியோவில். இளம் தம்பதிக்குப் புது வீடு கிடைத்தது பொங்கோலிலோ தெங்காவிலோ. காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் அழைத்துவர வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் இதோடு இன்னும் சில நிறுத்தங்கள் சேரும். எல்லா உயர்நிலைப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு கிடையாது. அங்கே படிக்கும் பிள்ளைகள் பள்ளி முடிந்து உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் போன்ற இடங்களுக்குப் போய்த் தமிழ் படிக்கிறார்கள். வார இறுதியில் நடன வகுப்பு, கோயில், தேக்கா சந்தையில் காய்கறி. ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே ரயிலில் போகக்கூடிய இடங்கள்தான். இவற்றில் பலவற்றை ஒரே நாளில் வரிசையாக, கூடவே ஒரு குழந்தையையும் கூட்டிக்கொண்டு முடிப்பதுதான் முடியாத காரியம். போக்குவரத்துத் திட்டங்கள் பெரும்பாலும் தனியாள் ஒருவர் வீட்டிலிருந்து அலுவலகத்துக்குப் போய்வருவதை மனத்தில் வைத்தே போடப்படுகின்றன. மற்றவர்களைச் சுமந்துகொண்டு நாலு இடத்துக்குப் போகிறவர் அந்தத் திட்டத்தில் வருவதே இல்லை. அவர் பெரும்பாலும் பெண் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

இதை அரசு அறியாமலும் இல்லை. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்குகிறவர்களுக்கு மானியம் கொடுக்கிறார்கள். அதைப் போக்குவரத்துத் திட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால், காருக்கான தேவையை வேரிலேயே குறைப்பது சிஓஇயைவிட அதுதான்.

கடைசி ரயிலுக்குப் பிறகு

எம்ஆர்டி காலை ஐந்தரை வாக்கில் ஓடத் தொடங்கி நள்ளிரவோடு நின்றுவிடும். சாங்கி விமான நிலையம், துவாஸ் தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், துறைமுகம், காவல் பணி, உணவகச் சமையலறை ஆகியவற்றுக்கு நள்ளிரவு என்று ஒன்று கிடையாது. முன்பு வெள்ளி, சனிக்கிழமைகளிலும் பொது விடுமுறைக்கு முந்தைய இரவுகளிலும் ஓடிய இரவு நேரப் பேருந்துகளைக் கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில் நிறுத்தினார்கள். 2022இல் அவை திரும்ப வராது என்று முடிவாகிவிட்டது.

டாக்சி இருக்கிறதே என்பீர்கள். 2014இல் 28,000க்கும் மேல் இருந்த டாக்சிகள் பத்து ஆண்டுகளுக்குள் பாதியாகக் குறைந்துவிட்டன. செயலி வழி ஓடும் தனியார் வாடகைக் கார்கள் அந்த இடத்துக்கு வந்தன. அதிகாலை மூன்று மணிக்குத் துவாஸிலிருந்து செங்காங் வரை அதில் போகும் செலவை வாரம் ஐந்து நாள் தாங்குவது ஒரு தாதிக்கோ தொழில்நுட்பருக்கோ கடினம். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் மோட்டார் சைக்கிளோ, நாலு பேர் பங்குபோட்டுக்கொள்ளும் காரோ பார்க்கிறார்கள்.

மேற்கே தெங்காவைப் பாருங்கள். கார் குறைந்த நகரமாகவே திட்டமிட்டுக் கட்டும் பேட்டை. மையப் பகுதியில் கார்களுக்கான சாலை நிலத்துக்கு அடியில் போகும், மேலே மக்கள் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். அருமையான சிந்தனை. ஆனால், 2023 ஆகஸ்டில் முதல் குடும்பங்கள் குடிபுகுந்தபோது ஜூரோங் வட்டார ரயில் தடம் இன்னும் கட்டுமானத்தில் இருந்தது. ரயில் வரும்வரை அவர்களுக்குப் பேருந்துதான். ரயில் வருவதற்குள் கார் வாங்கிப் பழகிவிடும் குடும்பத்தைப் பிறகு ரயிலுக்கு இழுப்பது சுலபம் அல்ல. பத்து ஆண்டுக்குப் பணம் கட்டியாயிற்றே.

பேருந்தை நம்புவதற்கும் ஒரு காரணம் வேண்டும். 2023 நவம்பரில், புதிய ரயில் தடம் வந்து பயணிகள் குறைந்துவிட்டார்கள் என்று 167 எண் பேருந்தை நிறுத்தப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. செம்பவாங்கிலிருந்து நகரத்தின் பல பகுதிகளை ஒரே ஏறலில் இணைத்த தடம் அது. குறிப்பாக மூத்தோர் கொதித்துப்போனார்கள். அவர்களுக்குப் பத்து நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்வதைவிட, ஏறி உட்கார்ந்த இடத்திலேயே போய் இறங்குவதுதான் முக்கியம். ஆணையம் முடிவை மாற்றி, அரை மணிக்கு ஒரு பேருந்தாக ஓடவிட்டது. மக்கள் சொன்னதைக் கேட்டு மாற்றிக்கொண்டது பாராட்ட வேண்டிய செயல். ஆனால், தன் தடம் எப்போது கணக்கில் குறைவாகத் தெரிந்து காணாமல் போகுமோ என்ற கவலை ஒருமுறை வந்துவிட்டால், கார் வைத்திருப்பவர் அதை விடுவதற்கு முன் இரண்டு முறை யோசிப்பார். 2024 செப்டம்பரில் கிழக்கு-மேற்கு ரயில் தடத்தின் ஒரு பகுதி பழுதாகி ஆறு நாட்கள் ஓடாமல் இருந்தபோதும் அதே யோசனைதான் பலருக்கு வந்திருக்கும்.

லாரியின் பின்னால் ஏறுகிறவர்கள்

கார் வைத்திருப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் சித்திரம் முழுமை பெறாது. காலை ஆறரை மணிக்கு விரைவுச்சாலைகளில் போகும் லாரிகளைப் பார்க்கலாம். பின்தட்டில், தகரக் கூரைக்குக் கீழே, கருவிப் பெட்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் இடையே கால்களை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் கட்டுமானத் தொழிலாளர்கள். தூக்கம் கலையாத முகங்கள். அவர்களில் நம் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பிள்ளைகளும் உண்டு. பங்களாதேஷ் இளைஞர்களும் உண்டு. அந்த ஊரில் காரில் பின்சீட்டில் அமர்பவரும் பெல்ட் போட வேண்டும். லாரியின் பின்தட்டில் பொதுவாக யாரையும் ஏற்றக் கூடாது. ஆனால், நிறுவனம் தன் தொழிலாளர்களை ஏற்றிச்செல்ல மட்டும் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. கூரையும் உயர்ந்த பக்கத் தடுப்பும் கட்டாயம். இருந்தும் விபத்துகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

இதற்கும் சிஓஇக்கும் தொடர்பு இருக்கிறது. லாரிக்கும் சான்றிதழ் வேண்டும், பேருந்துக்கும் வேண்டும். ஒரே சான்றிதழில் சரக்கையும் ஆட்களையும் ஏற்றிவிட்டால் சிறு ஒப்பந்தக்காரருக்குச் செலவு மிச்சம். 2023இல் பல அமைப்புகள் ஒன்றுசேர்ந்து இந்த முறைக்கு முடிவு கட்டக் கோரின. உடனடித் தடை வந்தால் பல நிறுவனங்கள் தாங்காது, வீடுகளும் ரயில் தடங்களும் கட்டி முடிக்கத் தாமதமாகும், செலவு ஏறும் என்பது அரசின் பதில்.

ரயில் தடத்தைக் கட்டுகிறவர் லாரியில் போகிறார். அது முடிந்ததும் அதில் ஏறப்போகிறவர் அதுவரை காரில் போகிறார். இடநெருக்கடியுள்ள ஊரில் சாலையைப் பங்கிடும்போது விலையை மட்டும் அளவுகோலாக வைத்தால், பங்கு இப்படித்தான் விழும்.

தேவையை யார் அளப்பது?

என் வாதத்தின் மையம் இதுதான். எத்தனை கார் இருக்கலாம் என்பதைச் சிங்கப்பூர் மிகச் சரியாகத் தீர்மானித்தது. அந்தக் கார்கள் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் பணப்பையிடம் விட்டுவிட்டது. ஏலத்தில் வென்றவருக்குத் தேவை அதிகம் என்று அர்த்தமில்லை. மூன்று பிள்ளைகளும் படுக்கையில் மாமியாரும் இருக்கும் வீட்டுக்கும், வாரக் கடைசியில் ஓட்டிப் பார்க்க இன்னொரு கார் வாங்குகிறவருக்கும் ஏலத்தில் ஒரே சட்டம்.

சிறு குழந்தைகள் உள்ளவர்களுக்கும், முதியோரைப் பராமரிப்பவர்களுக்கும் சலுகை வேண்டும் என்ற கோரிக்கை நாடாளுமன்றத்திலேயே பலமுறை எழுந்திருக்கிறது. தேவையை எப்படி அளப்பது, யாரை முன்னால் வைத்து யாரைப் பின்னால் தள்ளுவது என்பதுதான் அரசுத் தரப்பு சொல்லும் சிக்கல். அது வெறும் சாக்கு அல்ல. ஒரு பிரிவுக்கு ஒதுக்கினால் மற்றவர்களின் ஏலத்தொகை ஏறும். பிள்ளைக் கணக்கைக் காட்டி வாங்கிய கார் பத்து ஆண்டு ஓடும், பிள்ளை வளர்ந்துவிடும்.

ஆனாலும், தேவையை அளக்கவே முடியாது என்பது சரியல்ல. பிழைப்புக்காகத் தானே கார் ஓட்டியாக வேண்டிய உடற்குறையுள்ளோருக்குச் சிஓஇயிலிருந்து ஏற்கெனவே விலக்குத் திட்டம் இருக்கிறது. அங்கே தேவையை மருத்துவச் சான்றோடு அளக்கிறார்கள். ஒரு கதவைத் திறக்கத் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் திறக்கத் தெரியும்.

என்னைக் கேட்டால், பராமரிப்பவருக்குக் காரைக் கொடுப்பதைவிடப் பயணத்தைக் கொடுப்பது மேல். ரத்தச் சுத்திகரிப்புக்கும் மருத்துவமனைக்கும் வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை, சக்கர நாற்காலி ஏறும் வண்டி, பேருந்துக் கட்டணத்தைச் சற்றே தாண்டிய விலையில், சொன்ன நேரத்துக்கு வரும் என்ற உத்தரவாதத்தோடு. சிஓஇயிலிருந்து அரசுக்கு வரும் வருவாயில் சிறு பங்கே இதற்குப் போதுமான தொடக்கம். இரவுப் பேருந்துகளை, கேளிக்கைக்குப் போய்வருகிறவர்களுக்காக இல்லாமல், வேலை நேரம் மாறும் மணிகளைப் பார்த்துத் தொழிற்பேட்டை, விமான நிலையம், மருத்துவமனை வழியாக ஓடவிட வேண்டும். புதுப் பேட்டையில் முதல் வீட்டின் சாவியைக் கொடுக்கும் நாளிலேயே அடிக்கடி வரும் பேருந்து அங்கே நிற்க வேண்டும். தொழிலாளர்களை மட்டும் ஏற்றும் பேருந்துகளுக்குச் சான்றிதழில் தனி ஒதுக்கீடு கொடுத்து, லாரி விலக்குக்கு ஒரு முடிவுத் தேதி குறிக்க வேண்டும்.

காரை வைத்திருப்பதற்கான சுமையை ஓட்டுவதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றவும் இப்போது வழி இருக்கிறது. 2023 நவம்பரிலிருந்து கார்களில் பொருத்தப்படும் புதிய கருவி, செயற்கைக்கோள் உதவியோடு வண்டி இருக்கும் இடத்தை அறியும். வளைவுகள் இல்லாமலே எந்தச் சாலையில், எந்த நேரத்தில் என்று பார்த்துக் கட்டணம் போட முடியும். 2024 அக்டோபரில், அடுத்த சில ஆண்டுகளில் 20,000 வரை கூடுதல் சான்றிதழ்கள் விடுவதாக அறிவித்தபோது, வாகனங்கள் ஓடும் மொத்தத் தூரம் குறைந்திருப்பதையும் இந்தத் தொழில்நுட்பத்தையும் காரணமாகக் காட்டினார்கள். சரியான திசைதான். ஆனால், வெறும் கிலோமீட்டரைக் கணக்கிட்டுக் கட்டணம் போட்டால் அதிகாலையில் துவாஸுக்கு ஓடும் தொழிலாளி அதிகம் கட்டுவார். நகர மையத்தில் வசித்து நகர மையத்திலேயே சுற்றுகிறவர் குறைவாகக் கட்டுவார். ரயில் ஓடும் நேரத்தில், ரயில் இருக்கும் இடத்தில் காரில் போவதற்கு விலை ஏறட்டும். ரயில் இல்லாத இடத்துக்கும் நேரத்துக்கும் குறையட்டும்.

நெரிசல் கட்டணம், வண்டி நுழையத் தடை, இரட்டை-ஒற்றை எண் என்று பல நகரங்கள் இன்று தங்கள் தங்கள் கட்டுப்பாடுகளோடு கிளம்பியிருக்கின்றன. எங்கும் எதிர்ப்புக் குரல் எழுகிறது. அந்தக் குரல்களில் சோம்பலும் சுயநலமும் இருக்கலாம். களைத்துப்போன பராமரிப்பாளரின் குரலும், இரவுப்பணி முடித்தவரின் குரலும் அதிலேயே கலந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்தறியாமல் எல்லோரையும் ஒரே தட்டில் வைத்து விலை சொல்கிற நகரம், தேவையுள்ளவரைக் கடனாளியாக்கும். வசதியுள்ளவரை நிம்மதியாக ஓட்டவிடும்.

சிஓஇ விலை ஏறும்போதெல்லாம் கட்டுப்பாடு கடுமையாக வேலை செய்கிறது என்று சொல்லித் திருப்தியடைவது தவறு. அவ்வளவு கொடுத்தும் காரை விட முடியாதவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் அந்த விலைதான் சொல்கிறது. எண்பது வயது மூதாட்டியும், மூன்று மணிக்குப் பணி முடிக்கும் தாதியும், தள்ளுவண்டியோடு நாலு இடத்துக்கு ஓடும் தாயும் கார் இல்லாமலே தங்கள் நாளைக் கௌரவமாக முடிக்கும்படி நகரம் ஏற்பாடு செய்துவிட்டால், அந்தப் புதன்கிழமை ஏலத்துக்கு வருகிறவர்கள் குறைவார்கள். விலை தானே இறங்கும். கட்டுப்பாடு வென்றதற்கு நாம் ஏற்க வேண்டிய சான்று அந்த இறக்கம் ஒன்றுதான்.